தலைக்கு எவ்வளவு கடன்?

இலங்கையில் எந்தத் தேர்தல் மேடையானாலும் ஒரு கணக்கு வந்துவிடும். நாட்டின் மொத்தக் கடனைச் சனத்தொகையால் பிரித்து, இன்று பிறக்கிற பிள்ளையும் இத்தனை லட்சம் ரூபா கடனோடுதான் பிறக்கிறது என்பார்கள். கேட்கிறவர் ஒரு நிமிடம் திகைப்பார். அப்புறம் பஸ் வரும், ஏறிப் போய்விடுவார். அந்தக் காசைக் கேட்டு யாரும் வீட்டுப் படலையைத் தட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். நானும் பல வருடங்கள் அந்த பஸ்ஸில் ஏறிப் போனவன்தான்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 1948இல் சுதந்திரம் கிடைத்த பிறகு இலங்கை அப்படிக் கைவிரித்தது அதுவே முதல் தடவை. அன்று இரவு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கேட்டார்: “ஏன் தம்பி, நாடு பட்ட கடனை நாங்கள் ஏன் கட்டவேணும்? நாங்கள் கையெழுத்து வைச்சனாங்களே?”

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். வரவு செலவு எழுதித்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. நாட்டின் கடனைப் பற்றி ஒரு சாதாரண ஆள் கவலைப்பட வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற அந்தக் கணக்கைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கடன் ஒருபோதும் தலைக்குத் தலை சமமாகப் பிரிவதில்லை. அது எப்படிப் பிரிந்தது என்பதை மூன்று நான்கு வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2020 ஜனவரியிலிருந்து தொடங்குகிறேன். அப்போது என் சம்பளம் ஒன்றரை லட்சம் ரூபா. மாதம் 2,000 ரூபா உழைக்கும்போதே செலுத்தும் வரியாகக் கழிபடும். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு புதிய அரசாங்கம் வரிகளை வெட்டியது. சாமான் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. சம்பளத்தில் கழியும் அந்த வரியும் எங்கள் மட்டத்தில் இருப்பவர்களுக்கு இல்லாமல் போனது. ஜனவரிச் சம்பளத்தில் 2,000 ரூபா கூட வந்தது. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் அந்தக் காசை மாதாமாதம் அம்மாவுக்குச் சேர்த்து அனுப்பத் தொடங்கினேன்.

அந்த அறையில் இருந்த ஏழு பேரும் கணக்குப் படித்தவர்கள். ஒரு நிறுவனத்தின் வருமானம் திடீரென்று விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நாட்டின் வருமானம் விழப்போகிறது என்று மட்டும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீத அளவில் இருந்த அரச வருமானம், 2021இல் 8 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் அடுத்த வருடத்துக் கொவிட்டும் அதில் சேர்ந்துகொண்டன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வரி வெட்டு நாமே எடுத்த முடிவு.

என்னை உண்மையில் உலுக்கிய எண் ஒன்று உண்டு. 2021இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போனது. முதல் அல்ல, வெறும் வட்டி. மிச்சம் இருந்த முப்பது ரூபாவுக்கும் குறைவான காசில்தான் ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து, ஓய்வூதியம், சமுர்த்தி, இராணுவம் எல்லாம். முடியுமா? ஆகவே இன்னும் கடன். ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டுகிற ஆளை ஊரில் பார்த்திருப்பீர்கள். அவருடைய நிலைமை எப்போது முறியும் என்று அவருடைய மொத்தக் கடனைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாத வருமானத்தில் வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் சொல்லிவிடலாம். இந்த எண் மத்திய வங்கியின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. எங்கள் அலுவலக அலமாரியிலும் அந்த அறிக்கை இருந்தது.

சரி, ஜப்பானுக்கு இதைவிடக் கூடிய கடன் இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானின் அரச கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே பெற்றோலுக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை. வித்தியாசத்தை எனக்கு விளங்கவைத்தது எந்தப் பொருளாதார நிபுணரும் அல்ல, எங்கள் ஊர் வழக்கம்தான்.

யாழ்ப்பாணத்தில் மகளின் கலியாணத்துக்கு நகை போதாவிட்டால் நெருங்கிய சொந்தத்தில் பவுணாகவே கடன் வாங்குவார்கள். ஐந்து பவுண் வாங்கினால் ஐந்து பவுணாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு இருந்த விலையைச் சொல்லிக் காசாகக் கொடுக்க முடியாது. எங்கள் உறவில் ஒரு அக்கா 2019இல் அப்படி வாங்கினார். 2022 நடுப்பகுதியில் ஒரு பவுண் ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. அவர் ஒரு குண்டுமணி கூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை, ஆனால் அவருடைய கடன் வளர்ந்துகொண்டே போனது. சம்பளம் ரூபாவில், கடன் பவுணில்.

டொலர் கடன் இதேதான். ஜப்பான் பெரும்பாலும் தன் சொந்த யென்னில், தன் சொந்த மக்களிடமும் வங்கிகளிடமும் கடன் வாங்கியிருக்கிறது. இலங்கை 2007இல் முதல் தடவையாக 50 கோடி டொலருக்குச் சர்வதேச இறைமை முறிகளை, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் டொலரில் கடன் வாங்கும் அரச கடன் பத்திரங்களை, விற்றது. அப்புறம் கை நிற்கவில்லை. சீனாதான் எங்களைக் கடன்பொறியில் விழுத்தியது என்று பரவலாகச் சொல்வார்கள். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதும், அதேபோலக் கட்டி விமானம் அரிதாகவே வந்த மத்தள விமான நிலையமும் அந்தப் பேச்சுக்குத் தீனி போட்டன. ஆனால் முறிந்த நேரத்தில் அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த முறிகளே. வட்டி கூட, தவணை குறுகியது, பேசித் தள்ளிப்போடுவதும் சுலபமில்லை. ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 100 கோடி டொலர் என்பது 20,000 கோடி ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டார்கள். சில வாரங்களில் டொலர் 360ஐத் தொட்டது. அதே 100 கோடி டொலர் 36,000 கோடி ரூபா ஆனது. அக்காவின் ஐந்து பவுண்போல.

2022 ஜனவரி 18ஆம் திகதியை நான் மறக்கமாட்டேன். அன்று 50 கோடி டொலர் முறி ஒன்றுக்கு இலங்கை முழுப் பணத்தையும் கட்டியது. நாங்கள் ஒருபோதும் தவணை தவறியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். அதே நாட்களில் டொலர் இல்லாமல் பால்மாவும் பருப்பும் ஏற்றிய கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன. கட்டாதீர்கள், அதை வைத்து மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள், கடன் கொடுத்தவர்களோடு இப்போதே பேசுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அப்போது பெருமைப் பக்கம் நின்றேன். நாணயம் தவறக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். யாருடைய பால்மாவை நிறுத்தி யாருக்கு அந்த நாணயத்தைக் காக்கிறோம் என்று நான் யோசிக்கவில்லை. மே மாத ஆரம்பத்தில், பாவிக்கக்கூடிய வெளிநாட்டுக் கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னபோது அந்த 50 கோடி எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் கடன் வீடு வீடாக வரத் தொடங்கியது. அது கடன் என்ற பெயரில் வரவில்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூனில் 470 ரூபா. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவில் மட்டும் 94.9. ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா கொடுத்தோம். உங்கள் பங்குக் கடன் இவ்வளவு என்று யாரும் ரசீது தரவில்லை. பாண் கடையில் கட்டினோம்.

அம்மா அசரவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர். மின்வெட்டு தொடங்கியதும் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குச் செய்து வைத்துவிட்டார். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம். ஆனால் ஒன்று சொன்னார். “அப்ப சண்டை தம்பி. இப்ப ஒருத்தரும் சுடேல்லையே, பிறகேன்?”

வடக்கில் கடன் எப்படிப் பிரிந்தது என்று பார்க்க வேண்டுமானால் கடற்கரைக்குப் போக வேண்டும். சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மாதக்கணக்காக அது கிடைக்கவே இல்லை. கிடைக்கத் தொடங்கிய நேரத்தில், 2022 ஓகஸ்டில், லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றினார்கள். ஒரே இரவில் நான்கு மடங்கு. குருநகரிலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிற ஒருவருக்கு மத்தள விமான நிலையத்தைப் பற்றி என்ன தெரியும்? இறைமை முறி என்ற சொல்லை அவர் கேட்டிருப்பாரா? ஆனால் அவர் செலுத்திய பங்கு என் பங்கைவிடப் பல மடங்கு பெரியது. அதே வருடம் மார்ச் 22ஆம் திகதி, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகளோடு 16 பேர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். யுத்தம் முடிந்து 13 வருடங்களுக்குப் பிறகு, பசிக்குப் பயந்து போன அகதிகள். உலக வங்கியின் கணக்குப்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதம். மேடையில் பிரித்த கணக்கில் தலைக்குத் தலை ஒரே தொகைதான் இருந்தது. உண்மையில் சிலருக்குக் கடலைத் தாண்ட வேண்டி வந்தது, சிலருக்கு ஒரு பயணத்தைத் தள்ளிப்போட வேண்டி வந்தது.

இனி நான் அதிகம் கோபப்படுகிற இடம். ஊழியர் சேமலாப நிதி. தனியார் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் சம்பளத்திலும் 8 சதவீதம் கழித்து, முதலாளி 12 சதவீதம் சேர்த்து அதில் போடுகிறார்கள். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது வந்தால் எடுக்கலாம். மத்திய வங்கி நிர்வகிக்கிறது. அந்தப் பணத்தின் மிகப் பெரும் பகுதி அரசாங்கம் உள்நாட்டில் ரூபாவில் கடன் வாங்கும் பத்திரங்களான திறைசேரி முறிகளில் கிடக்கிறது. ஆகவே நாட்டுக்குக் கடன் கொடுத்தவர் யார் என்று தேடிக்கொண்டு போனால் வெளிநாட்டு நிதி நிறுவனங்களோடு பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவும் கடைச் சிப்பந்தியும் நிற்கிறார்கள். நாங்கள்தான் கடன் கொடுத்தவர்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

2022இல் அந்த நிதி எங்கள் கணக்குகளுக்கு 9 சதவீத வட்டி போட்டது. அந்த வருட டிசம்பரில் பணவீக்கம் 57 சதவீதம். வருட ஆரம்பத்தில் 100 ரூபாவாக இருந்த சேமிப்பு 109 ஆனது, 100 ரூபாச் சாமான் 157 ஆனது. இருபது வருடம் சேர்த்த காசின் பெறுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எங்கும் போகாமல், புத்தகத்தில் அப்படியே இருந்துகொண்டு, காணாமல் போனது.

அதோடு முடியவில்லை. 2023 ஜூன் 29 தொடக்கம் ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தன. ஹஜ் பெருநாள், விசேட விடுமுறை, சனி, ஞாயிறு, போயா. அந்த இடைவெளியில், ஜூலை 1 சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றியது. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் தங்கள் பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதன் பிறகு 9 சதவீதமும் தருகிற நீண்டகால முறிகளை வாங்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்த நிதியின் வருமான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும். இதைத் தெரிவு என்று சொன்னார்கள். வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் வைப்பு வைத்த எல்லோரும் விழுவார்கள், அவை ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன என்பது காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வங்கி வாசலில் மக்கள் திரண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் தனியார் கைகளில் இருந்த முறிகளையும் தொடவில்லையே.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே 2022இன் கடைசியில் அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரமான மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு ஆண்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் அதை வாங்கினார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அரசாங்கம் என்ற ஒரே கடனாளி, பணத்தைத் திருப்பி எடுக்கக்கூடியவருக்கு 30 சதவீதம் கொடுத்தது. எடுக்க முடியாதவருக்கு 9 கொடுத்து, இன்னும் பல வருடம் பொறு என்றது. கடன் எப்படிப் பிரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. விலகி ஓட வழியுள்ளவர்கள் விலகுவார்கள். விலக முடியாதவர் தலையில் மிச்சம் எல்லாம் இறங்கும். சம்பளம் ரூபாவில் உள்ளவர், சேமிப்பு பூட்டப்பட்டிருப்பவர், வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே செலவழிப்பவர்.

2023 ஜனவரியில் என் சம்பளத்தில் வரி திரும்ப வந்தது. அதே ஒன்றரை லட்சத்துக்கு இந்தத் தடவை 3,500 ரூபா. பெறுமதி சேர் வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. மின்கட்டணத்தை 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் கூட்டினார்கள். மூன்று வருடம் மாதம் 2,000 ரூபா கூட வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுத்து முடிக்க என் வேலைக்காலம் போதுமா தெரியவில்லை. 2020இலேயே அந்த 2,000 ரூபாவை இலவசம் என்று நினைக்காமல் முன்பணம் என்று நினைத்திருந்தால் எங்கள் அறையில் யாராவது கேள்வி கேட்டிருப்போம்.

கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடன் இல்லாமல் பாலமும் பல்கலைக்கழகமும் வராது. கடனுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை மூடுகிற நாடும் உருப்படாது, இன்று செலவைச் சுருக்கு என்று வருகிற கட்டளைகளில் அந்த ஆபத்தும் இருக்கிறது. நான் கேட்பது வேறு. வாங்குகிற கடன் எந்தப் பணத்தில், அதில் கட்டுவது திரும்ப அதே பணத்தை உழைத்துத் தருமா, வருமானத்தில் வட்டிக்கு எவ்வளவு போகிறது, நாளைக்கு முறிந்தால் முதலில் யார் தலையில் இறங்கும். இவை பெரிய படிப்புத் தேவைப்படுகிற கேள்விகள் அல்ல. நகையை ஈடு வைக்கும்போது எந்த வீட்டிலும் இதைக் கேட்டுத்தான் வைக்கிறார்கள்.

பின்னர் நல்ல காரியங்களும் நடந்தன. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச, பசில் ராஜபக்ச உட்படப் பலர் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஜூலியன் போலிங் என்ற முன்னாள் நீச்சல் வீரரும் ஒருவர். 2024இல் அரச கடன் முகாமைத்துவச் சட்டம் வந்தது. நிதியமைச்சு கடன் விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. டிசம்பரில் இறைமை முறிகளையும் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்த நாளில் நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் நட்டஈடு எதுவும் குருநகருக்குப் போய்ச் சேரவில்லை. 2028இலிருந்து வெளிநாட்டுக் கடன் தவணைகள் மறுபடி கனக்கத் தொடங்கும். அதற்கிடையில் இன்னும் தேர்தல்கள் வரும், யாராவது மறுபடி வரியை வெட்டுகிறோம் என்று வருவார்கள்.

2024 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு கட்சிப் பெடியன் துண்டுப் பிரசுரத்தோடு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வேலைவாய்ப்பு, மானியம், வரி குறைப்பு என்று நிறைய அச்சடித்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படலையிலேயே நின்று முழுவதையும் வாசித்தார்.

“இவ்வளவும் செய்ய எந்தக் காசு தம்பி? எங்கட காசோ, வெளியில வாங்கிறதோ?”

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். “கேட்டுச் சொல்லுறன் அம்மா” என்றான்.

“கேட்டுக்கொண்டு வா. நான் இங்கதான் இருப்பன்” என்றார் அம்மா. பிறகு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.